பேய் நாடகத்தின் நடுவே சுவரில் ஒரு தட்டல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒக்ரோபர் மாதத்தின் கடைசி வாரம். ரொறன்ரோவின் கிழக்கே, மோர்னிங்சைட்டில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் நான் ஏழு நாட்கள் முகத்தைக் கவிழ்த்தபடியே இருந்தேன். நித்திரை குப்புற. சாப்பாடு குனிந்தபடி. யாராவது பார்க்க வந்தால் அவர்களுடைய கால்களோடுதான் பேச்சு. இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

மருந்துப் போத்தல்களில் லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. பெல்ட்டில் போத்தல்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். கோணலாக ஒட்டியதையும் எழுத்து மங்கியதையும் தூக்கி ஒதுக்க வேண்டும். ஒருநாள் காலையில், வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ தொங்கியது. தலைமுடி என்று நினைத்துத் தட்டிவிட்டேன். போகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அது திரைச்சீலைபோல இறங்கி, பாதிக் கண்ணை மூடிவிட்டது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார் கண் மருத்துவர். அடுத்த நாளே சத்திரசிகிச்சை.

மற்றவர்களுக்கென்றால் இன்னொரு கண் இருக்கும். எனக்கு இடது கண் பிறவியிலேயே மங்கல். அதில் ஆள் வருவது தெரியும். யார் என்று தெரியாது. நான் வேலை செய்ததும், சமைத்ததும், பிள்ளையை வளர்த்ததும் ஒற்றைக் கண்ணால்தான். இப்போது அதற்குத்தான் கட்டுப் போட்டிருந்தார்கள்.

கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். அது விழித்திரையைப் பின்பக்கம் அழுத்திப் பிடிக்க வேண்டும். குமிழி எப்போதும் மேலே மிதக்கும் என்பதால், முகம் கீழே பார்த்தபடி இருந்தால்தான் அது சரியான இடத்தில் போய் நிற்கும். ஒரு மணித்தியாலத்தில் ஐம்பது நிமிடம் குனிந்திருக்க வேண்டும், பத்து நிமிடம் ஓய்வு. "ஒழுங்காகச் செய்தால் பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது" என்றார் மருத்துவர். ஒழுங்காகச் செய்யாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

என் கணவர் இதற்கென்று ஒரு கதிரையை வாடகைக்கு எடுத்து வந்தார். முகத்தை வைக்க நடுவில் ஓட்டை உள்ள கதிரை. அதில் கவிழ்ந்திருந்தால் கீழே தரைவிரிப்பு மட்டும், அதுவும் சாம்பல் நிற மூட்டமாக. முதல் இரண்டு நாளும் செபமாலை சொன்னேன். அது முடிந்ததும் தொலைபேசியில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கண் போன ஒருவரையாவது தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் நான் யாருடனும் பேச மாட்டேன் என்று தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவளும் அவளுடைய சிநேகிதிகள் மூன்று பேரும் ஒவ்வொரு ஒக்ரோபரிலும் பழைய ஆங்கில வானொலி நாடகங்களைத் தேடிப்பிடித்துக் கேட்பார்கள். எல்லாம் பேய், கொலை, மர்மம். பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வருகிற ஹலோவீனுக்காக. தொலைக்காட்சி வருவதற்கு முந்திய காலத்து நாடகங்கள். இதென்ன பைத்தியம் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று மாலை அவள் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்து என் முகத்துக்குக் கீழே, தரையில் வைத்தாள்.

"அம்மா, எல்லாரும் கேக்கிறது பேர்போன ரெண்டு மூண்டைத்தான். மிச்சம் எல்லாம் ஒருத்தரும் தொடாமல் கிடக்குது. நாங்கள் உதுகளைத்தான் தேடித் தேடிக் கேக்கிறனாங்கள். ட்ரை பண்ணிப் பாருங்கோ."

"எனக்கேன் பிள்ளை பேய்க்கதை? நானே பயந்துபோய்க் கிடக்கிறன்."

"அதுக்குத்தான் அம்மா. கொஞ்ச நேரம் வேறை எதுக்காவது பயப்பிடுங்கோவன்."

 போடு, நிறுத்து, கூட்டு, குறை என்று ஆங்கிலத்தில் சொன்னால் அந்த ஸ்பீக்கர் கேட்டு நடக்கும். எனக்கு அதைச் சொல்லித் தந்துவிட்டு முதல் நாடகத்தைப் போட்டாள்.

ஒரு பெண் ஏரிக்கரையில் தனியாக ஒரு வீடு எடுத்து இருக்கிறாள். அவளுடைய படுக்கையறைக்குப் போக மாடிப்படி பன்னிரண்டு. முதல் இரவு, கீழே ஒரு படியில் யாரோ கால் வைக்கிற சத்தம். அடுத்த இரவு இரண்டு படி. அதற்கடுத்த இரவு மூன்று. இவ்வளவுதான் கதை. எந்தப் பேயும் வரவில்லை, யாரும் கத்தவில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு நாள் காலையிலும் தேநீர் ஊற்றும்போது அவளுடைய கோப்பை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட நடுங்கும், அவ்வளவுதான். பதினோராவது இரவில் நான் "ஸ்டொப்" என்று கத்திவிட்டேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்து நிமிடம் கழித்து மிச்சத்தையும் போடச் சொன்னேன்.

பிறகு நாளுக்கு மூன்று, நான்கு என்று கேட்கத் தொடங்கினேன். என் ஆங்கிலம் பெரிய ஆங்கிலம் இல்லை. ஆனால் அந்தக் காலத்து நடிகர்கள் ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொன்னார்கள். முகத்தைக் காட்ட முடியாதே. எல்லாவற்றையும் குரலிலேயே காட்ட வேண்டும். சத்தங்களை எப்படிச் செய்தார்கள் என்று மகள் சொல்வாள். சரளைக்கல் நிரப்பிய பெட்டிக்குள் நடந்தால் அது தோட்டத்துப் பாதை. தகரத்தை உலுக்கினால் இடி.

"தலையை வெட்டுற சத்தம் என்ன தெரியுமே அம்மா? முட்டைக்கோவா. ஒரு முழுக் கோவாவைக் கத்தியாலை ரெண்டாய் வெட்டுறது."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கோவா வறை வைக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

இரண்டு மூன்று நாளில் என் காது மாறிவிட்டது. நாடகத்தில் ஒருவன் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறானா அந்தப் பக்கமா, நின்றுகொண்டு பேசுகிறானா இருந்துகொண்டா என்றெல்லாம் பிடிபட்டது. நாடகம் ஓடாதபோதும் அந்தக் காது ஓயவில்லை. வீட்டைக் கேட்கத் தொடங்கினேன். என் கணவர் மாடியிலிருந்து இறங்கி வரும்போது கடைசிக்கு முந்திய படியில் கொஞ்ச நேரம் நிற்கிறார் என்பது, இருபத்தி மூன்று வருடக் கலியாண வாழ்க்கையில் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏனப்பா உதிலை நிண்டு நிண்டு வாறியள்?" என்று கேட்டேன்.

அவர் கடைசிப் படியையும் இறங்கி வந்தார். பிறகு, "சும்மா. முகத்தைக் கொஞ்சம் சரிசெய்துபோட்டு வாறனான்" என்றார்.

நான் அவருடைய முகத்தைப் பார்க்கப்போவதில்லை. என்னால் பார்க்கவும் முடியாது. என்றாலும் மனுஷன் அதைச் சரிசெய்துகொண்டுதான் வந்திருக்கிறார்.

இனிப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு, செமி என்று சொல்வார்களே, அந்த வகை. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அடுத்த பக்கத்தில் கயானாவில் பிறந்த ஒரு அம்மா தனியாக இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அங்கே குடிவந்த முதல் வாரமே, மகள் படிகளில் ஓடியதற்குச் சுவரில் தட்டினார். தும்புத்தடியின் பிடியால், டொக் டொக் டொக் என்று மூன்று தரம். வீடு கூட்டுகிற நீளத் தும்புத்தடி. அதை அவர் வாசலில் பிடித்துக்கொண்டு நிற்பதை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். அன்றிலிருந்து மகள் அவருக்கு வைத்த பெயர் தும்புத்தடி அன்ரி. தொலைக்காட்சிச் சத்தம் கூடினால் தட்டு. மிக்ஸி போட்டால் தட்டு. மகள் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த நாள் விருந்தில் பாட்டுச் சத்தம் என்று பொலிஸையே கூப்பிட்டுவிட்டார். வீடு நிறையச் சனம், வாசலில் பொலிஸ். அந்த அவமானத்தை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வாசலில் கண்டால் தலையாட்டுவோம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. என் கணவர் மட்டும் அவருடன் நின்று பேசுவார், பனிக்காலத்தில் அவருடைய பாதைப் பனியையும் சேர்த்து வழிப்பார். எனக்கு அதுகூடப் பிடிக்காது.

ஹலோவீன் அன்று எனக்கு ஆறாவது நாள். கணவருக்கு பிக்கரிங்கில் வேலை. விடிய எழுந்து போய்விட்டார். மகளுக்கு மாலை வரை வகுப்பு. போகும்போது எனக்காக ஒரு நாடகத்தை ஸ்பீக்கரில் ஆயத்தமாக வைத்துவிட்டுப் போனாள். "இது ஸ்பெஷல் அம்மா, ஹலோவீனுக்கெண்டே வைச்சிருந்தனான். சாப்பிட்டிட்டுக் கேளுங்கோ." நான் சாப்பிடும்வரை காத்திருக்கவில்லை.

ஒரு பண்ணையில் இரண்டு பேர் கிணறு வெட்டுகிறார்கள். முப்பதடி போனதும், கீழே இருக்கிறவனுக்கு ஒரு சத்தம் கேட்கிறது. தனக்கும் கீழே, மண்ணுக்குள்ளிருந்து, யாரோ மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வருகிற சத்தம். டொக். டொக். கிணற்றுக்குள் இருந்து பேசுகிறவனுடைய குரல் உண்மையிலேயே ஆழத்திலிருந்து வந்தது. நான் சத்தத்தைக் கூட்டி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

காட்சி மாறியது. பண்ணை வீட்டுக் குசினி. கிணறு வெட்டுகிறவனும் அவனுடைய மனைவியும் சாப்பிடுகிறார்கள். கரண்டிச் சத்தம். ஆனால் அந்தத் தட்டல் நிற்கவில்லை. வீட்டுக்குள்ளும் கேட்கிறது. ஆகா, என்ன கெட்டித்தனம் என்று நினைத்தேன். அவனுடைய தலைக்குள்ளேயே அந்தச் சத்தம் புகுந்துவிட்டது என்று காட்டுகிறார்கள். மனைவி அவனிடம் ஏதோ கேட்கிறாள். அவன் பதில் சொல்கிறான். தட்டல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஸ்டொப்" என்றேன். நாடகம் நின்றது.

தட்டல் நிற்கவில்லை.

அந்த ஒரு நொடி எனக்கு உடம்பெல்லாம் மயிர் குத்திட்டது. அடுத்த நொடி விளங்கிவிட்டது. அட, தும்புத்தடி. நாடகச் சத்தம் அவருக்கு இடைஞ்சலாம்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? கண் இருக்குமோ போகுமோ என்று ஒருத்தி கவிழ்ந்து கிடக்கிறாள். பட்டப்பகல். அதுகூட இந்த மனுஷிக்குப் பொறுக்கவில்லையா? முதல் நன்மை விருந்தன்று வாசலில் நின்ற பொலிஸ்காரர் நினைவுக்கு வந்தார். நான் நாடகத்தைத் திரும்பப் போட்டேன். போட்டுவிட்டு, "லவுடர்" என்றேன். சத்தம் கூடியது. இன்னொரு தரமும் சொன்னேன்.

சுவரில் மறுபடி தட்டல். நாலைந்து தரம், வேகமாக. பிறகு நின்றுவிட்டது.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். மறைப்பதென்றால் இதை எழுதவே தேவையில்லை.

பத்து நிமிட ஓய்வு நேரம் வந்தது. நாடகத்தை நிறுத்தி, தலையைக் குனிந்தபடி குசினிக்குப் போய், கணவர் மூடி வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டேன். திரும்பி வந்து கதிரையில் கவிழ்ந்து, மிச்சத்தைக் கேட்டேன். சத்தத்தைக் குறைத்திருந்தேன். இரக்கத்தில் இல்லை, என் காதே வலித்தது. கதை முடியும் தறுவாய். கிணற்றுக்குள் எல்லாம் அமைதி. அந்த அமைதியில், ஒரே ஒரு தட்டல் கேட்டது.

மெதுவான தட்டல். அது எங்கிருந்து வந்தது என்று என் காது தன்பாட்டிலேயே தேடியது. சோபாவுக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில்.

தும்புத்தடி தட்டினால் எப்போதும் ஆள் உயரத்தில் கேட்கும். எங்கள் பக்கத்துச் சுவரில் திருஇருதயப் படம் மாட்டியிருக்கிறது; ஒவ்வொரு தட்டலுக்கும் அதன் கண்ணாடி சேர்ந்து கிணுகிணுக்கும். இன்று கிணுகிணுக்கவில்லை. முதலில் தட்டியபோதும் கிணுகிணுக்கவில்லை என்பது அப்போதுதான் என் புத்தியில் ஏறியது. நின்றுகொண்டிருக்கிற ஒருவர் அவ்வளவு தாழ்வாகத் தட்ட முடியாது. குனிந்து தட்ட வேண்டிய தேவையும் இல்லை.

நாடகத்தை நிறுத்தினேன். கதிரையிலிருந்து இறங்கி, தரையில் தவழ்ந்து சுவரடிக்குப் போனேன். நெற்றியைத் தரையில் வைத்து, காதைச் சுவரின் அடிப்பலகையோடு ஒட்டினேன். எதையோ இழுப்பது போன்ற சத்தம். பிறகு ஒரு குரல். சொல் விளங்கவில்லை. கத்திக் கத்திக் களைத்துப்போன குரல் என்று மட்டும் தெரிந்தது.

விரல் மொழியால் இரண்டு தரம் தட்டினேன்.

உடனே அந்தப் பக்கத்திலிருந்து படபடவென்று தட்டல். எத்தனை என்று எண்ண முடியவில்லை.

கைத்தொலைபேசி கதிரையின் காலடியில் இருந்தது. தடவி எடுத்து, அதனிடமே 911க்கு எடுக்கச் சொன்னேன். ஒரு பெண் பேசினார். பக்கத்து வீட்டில் ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்றேன்.

"விழுந்துவிட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுவரில் தட்டுகிறார். தட்டுகிற சத்தம் தரைக்குப் பக்கத்தில் கேட்கிறது."

"நீங்கள் போய்ப் பார்க்க முடியுமா?"

"எனக்குக் கண் தெரியாது" என்றேன்.

கழன்றது, சத்திரசிகிச்சை, கட்டு என்றெல்லாம் அந்த வாரம் முழுவதும் பலரிடம் சொல்லியிருந்தேன். கண் தெரியாது என்ற வார்த்தையை அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். அந்தப் பெண் ஏதோ விசைகளை அழுத்துவது கேட்டது. பிறகு, "சரி. ஆட்கள் வருகிறார்கள். அதுவரை நீங்கள் தட்டிக்கொண்டே இருங்கள். தான் தனியாக இல்லை என்று அவருக்குத் தெரியட்டும்" என்றார்.

அப்படியே தரையில் படுத்துக்கொண்டேன். எப்படியும் குப்புறப் படுக்க வேண்டியவள்தானே. சுவருக்கு அந்தப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், அவரும் தரையில் கிடக்கிறார். "ஆட்கள் வருகினம்" என்று கத்தினேன். பதற்றத்தில் தமிழில் கத்திவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில். கேட்டதோ தெரியவில்லை. தட்டினேன். அவர் தட்டினார். நான் தட்ட, அவர் தட்ட, அப்படியே போனது. வரவர அவருடைய பதில் பிந்தியது. ஒரு தரம் வரவேயில்லை. நான் தட்டினேன், காத்திருந்தேன், மறுபடி தட்டினேன். அந்த வாரம் கேட்ட எந்த நாடகத்திலும் அப்படியொரு அமைதி இருக்கவில்லை. அதை "ஸ்டொப்" என்று சொல்லி நிறுத்தவும் முடியாது. மாதாவே, மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. என் கண்ணைப் பற்றி அந்த நேரம் நினைவே வரவில்லை. கடைசியில் ஒரு சின்னத் தட்டல் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. முன்கதவை இடிக்கிறார்கள். அது இரும்புக் கதவு. பக்கவாட்டுக் கதவில்தான் கண்ணாடி இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமே என்று, கணவருடைய செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, சுவரைத் தடவித் தடவி வெளியே போனேன். மூன்று படி. ஒவ்வொன்றாகக் காலால் தேடி இறங்கினேன். "பக்கத்துக் கதவு, பக்கத்துக் கதவு" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஈர இலைகளும் மங்கலான பெரிய சப்பாத்துகளும்தான். அந்தச் சப்பாத்துகள் ஓடின. கண்ணாடி உடைந்தது.

கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரெச்சரின் சில்லுகள் என் காலடியில் வந்து நின்றன. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இனிப்புப் பெட்டியை அலுமாரியின் மேல்தட்டிலிருந்து எடுக்க ஸ்டூலில் ஏறி, தவறி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. காலை பத்து மணியிலிருந்து கிடந்திருக்கிறார். கையில் ஒரு சப்பாத்து; அலுமாரியின் கீழ்த்தட்டில் எட்டிய ஒரே பொருள். அதைக்கொண்டுதான் தட்டியிருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகும் அதை விடவில்லை.

"நான் பக்கத்து வீடு" என்று சொல்லிக்கொண்டு, அவரைப் பார்க்கிறேன் என்று என்னையறியாமல் தலையை நிமிர்த்தினேன்.

"தலையைக் குனி! பைத்தியக்காரி, தலையைக் குனி!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

அவ்வளவு நேரம் கத்திக் களைத்துப்போன தொண்டை. அதில் மிச்சமிருந்ததை எனக்காகச் செலவழித்தார். நான் சட்டென்று குனிந்துகொண்டேன்.

எனக்கு என்ன நடந்தது என்று இவருக்கு எப்படித் தெரியும்? மாலையில் கணவர் வந்ததும் கேட்டேன்.

"நான்தான் சொன்னனான். நீர் நாடகம் கேக்கத் தொடங்கின அண்டைக்கே, ஒப்பரேஷனையும் குனிஞ்சு கிடக்கிறதையும் சேர்த்து. 'கொஞ்சம் சத்தம் வரும், குறை நினைக்காதேங்கோ' எண்டு சொன்னனான். அவ 'ஒரு வாரமோ ரெண்டு வாரமோ, அவ விரும்பினதைக் கேக்கட்டும்' எண்டவ."

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். மூன்று நாளாக நான் இடியும் அலறலுமாக வைத்துக் கேட்டேன். அந்த மூன்று நாளும் அவர் ஒரு தரம்கூடத் தட்டவில்லை. நெற்றியில் அடித்தாற்போல இருந்தது. படிகளில் கால் வைக்கிற சத்தத்தையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் தட்டல் இல்லாதது மட்டும் கேட்கவில்லை.

அன்று பொழுதுபட, கணவர் ஒரு கதிரையை இரண்டு வாசலுக்கும் நடுவில் போட்டு இருந்துகொண்டு, வந்த பிள்ளைகளுக்கு இரண்டு வீட்டுக்குமாக இனிப்புக் கொடுத்தார். நான் உள்ளே கவிழ்ந்திருந்து அவர்களுடைய குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த நாடகத்தை மகள் போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என்ன நடந்தது என்று அவளிடம் சொன்னேன். சத்தத்தைக் கூட்டியதை மட்டும் சொல்லவில்லை.

கண் மருத்துவர் அடுத்த கிழமை பார்த்துவிட்டு, விழித்திரை நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். குமிழி கரைய ஒன்றரை மாதம் எடுத்தது. பார்வை திரும்பியது. நேர்கோடுகள் மட்டும் நடுவில் கொஞ்சம் வளைந்து தெரியும். லேபிள் பார்க்கிற வேலையிலிருந்து பொதி கட்டுகிற பகுதிக்கு மாறிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்க்க, அவர் நடைப் பயிற்சிக்காகத் தங்கியிருந்த இடத்துக்கு நவம்பர் கடைசியில் போனேன். கணவர் வருகிறேன் என்றார். தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் யன்னலோரம் இருந்தார். எப்போதும் வாசலில் நின்று பார்த்த ஆளைவிடச் சின்னவராகத் தெரிந்தார். என்னைக் கண்டதும் நன்றி சொன்னார். உயிரைக் காப்பாற்றினாய் என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடமும் என்னைக் காட்டி அதையே சொன்னார்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "நீங்கள் முதலில் தட்டியபோதே எனக்குக் கேட்டது" என்றேன். "சத்தம் என்று குறை சொல்கிறீர்கள் என நினைத்தேன். கோபத்தில் இன்னும் சத்தமாக வைத்தேன். முக்கால் மணி நேரம் உங்களைத் தரையில் கிடக்க விட்டுவிட்டேன்."

அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எழுந்து போய்விடலாமா என்று எனக்கு இருந்தது.

"சத்தம் கூடினது எனக்குக் கேட்டது" என்றார் கடைசியில். "அதுவரை நாடகம் தன்பாட்டில் ஓடுகிறதோ, வீட்டில் ஆள் இல்லையோ என்று ஒரு பயம் இருந்தது. சத்தம் கூடினதும் நீ இருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் களைப்பு ஆறினதும் திரும்பத் தட்டினேன்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "கோபமும் வந்தது. நிறைய வந்தது" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கிணற்றில் கடைசியில் என்ன இருந்தது என்று கேட்டார். தரையில் கிடந்தபடி பாதிக் கதையைக் கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியாது, நான் அதை முடிக்கவே இல்லை என்றேன். "அதுவும் நல்லது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அது நிம்மதியான சிரிப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

அவர் தை மாதம் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே தன் வாசற்கதவின் மாற்றுத் திறப்பு ஒன்றை என் கணவரிடம் இல்லாமல் என் கையில் தந்தார். நாங்கள் பெரிய சிநேகிதிகள் ஆகிவிடவில்லை. மிக்ஸி போட்டால் இப்போதும் தட்டுகிறார். நானும் எரிச்சல்படுகிறேன். ஆனால் தட்டல் கேட்டதும், மிக்ஸியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நின்று கேட்கிறேன்.

என்னை நல்லவள் என்று சொல்கிற ஒருவர், அந்த நாளைப் பற்றிக் கேள்விப்பட்டு உயிர் காத்தவள் என்று புகழ்கிற ஒருவர் எதிரே நிற்கும்போதெல்லாம், வெறுப்பில் ஒரு முடிவெடுத்து "லவுடர்" என்று சொன்ன என் குரல்தான் எனக்குக் கேட்கிறது. எத்தனை பேய் நாடகம் கேட்டாலும், என்னை இன்றுவரை பயமுறுத்துகிற சத்தம் அது ஒன்றுதான்.